ஸ்கூட்டர் அக்கா வெப்சைட் கட்டிய கதை

நெய்வேலி நகரியத்தில் பொற்கொடியிடம் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாள் பெரிய ஏமாற்றம்தான். வண்டியைக் கிளப்பவே விடமாட்டாள். சாவியைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, "தள்ளுங்க. தள்ளிகினே போய் பிரேக்கப் புடிங்க" என்பாள். அப்புறம் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தின் சரிவில் வண்டிமேல் உட்காரவைத்து, எஞ்சின் ஓடாமலே உருளவிட்டு, மறுபடியும் பிரேக். "அக்கா, ஆக்சிலேட்டர் எப்பங்க?" என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு. "கெளம்பறதுக்கு ஊரே சொல்லிக் குடுக்கும். நிக்கறதுக்கு எவனும் சொல்லிக் குடுக்கமாட்டான். புடிங்க பிரேக்க!"

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்து, சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் வேலை பார்த்த மதிவாணனைக் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தவள் பொற்கொடி. மகள் இளவேனிலைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட ஒரு வண்டி தேவைப்பட்டபோது மதிவாணனே ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். எப்படி? "ஆக்சிலேட்டர லேசாத் திருகு" என்றார். லேசு என்றால் எவ்வளவு லேசு என்று சொல்லவில்லை. வண்டி எதிர்வீட்டுச் செம்பருத்தி வேலியைப் பிளந்துகொண்டு போய், அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாளின் காலடியில்தான் நின்றது. அந்த அம்மாள் பதறிப்போய்க் கையிலிருந்த ஈரப் புடவையை இவள் தலைமேலேயே போட்டுவிட்டார். புடவைக்குள்ளிருந்து பொற்கொடி கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, பிரேக்கு எங்கங்க?" என்பதுதான். அதை மதிவாணன் அதுவரை சொல்லவே இல்லை.

பிறகு அவளே தள்ளித் தள்ளி, பிரேக் பிடித்துப் பிடித்து, வண்டியை வசத்துக்குக் கொண்டுவந்தாள். வேலி பறிகொடுத்த எதிர்வீட்டு அம்மாள்தான் அவளுடைய முதல் மாணவி. அவர் சொல்லி அடுத்த தெரு, அந்தத் தெரு சொல்லி அடுத்த பிளாக். நாற்பதைத் தாண்டிய பெண்கள், பயந்தாங்கொள்ளிகள், ஏற்கெனவே விழுந்து எழுந்தவர்கள், புருஷன் சொல்லிக் கொடுத்து அழுதவர்கள் எல்லாரும் வந்தார்கள். கடைசி வகையினர்தான் அதிகம். நகரியத்தின் அகலமான சாலைகளும் மரநிழலும் வண்டி பழகுவதற்கென்றே போட்டாற்போல இருந்தன. மதிவாணன் வீட்டம்மா என்கிற பெயர் எப்போது மறைந்து ஸ்கூட்டர் அக்கா என்கிற பெயர் எப்போது வந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. பொற்கொடிக்கு மட்டும் அந்தப் பெயர் மேல் கொள்ளை ஆசை. கடையில், கோயிலில், ஆஸ்பத்திரி வரிசையில் யாராவது "ஸ்கூட்டர் அக்கா!" என்று கூப்பிட்டால், கேட்காத மாதிரி நின்று இன்னொரு தரம் கூப்பிடவைப்பாள்.

இப்போது அந்தப் பெயருக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. மதிவாணனுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கியது. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அது நகரியத்தில் எல்லாருக்கும் உள்ளதுதான். சேத்தியாத்தோப்பில் மனை வாங்கி வீடு கட்டியாயிற்று. வீடு அழகான வீடு. ஆனால் அந்த ஊரில் பொற்கொடியை ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது.

"அங்க போனா நான் யாருங்க?" என்று ஒருநாள் சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "திரும்பவும் மதிவாணன் வூட்டம்மா. அவ்ளோதான்."

"அது அவ்ளோ மட்டமாவா இருக்குது?" என்றார் மதிவாணன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. அதவுட நல்லது ஒண்ணு கெடச்சுப்போச்சே. வுட மனசு வரல."

அவர் சிரித்தார். அவருக்கு அந்தக் கவலை இல்லை. நகரியத்தில் எந்தத் திருப்பத்தில் போனாலும் யாராவது "வணக்கம் சார்" என்று கை தூக்குவார்கள். சேத்தியாத்தோப்பிலும் அப்படியே தூக்குவார்கள் என்று தானாக முடிவு கட்டிவைத்திருந்தார்.

பெங்களூரில் வேலை பார்க்கிற இளவேனில்தான் வழி சொன்னாள். "வெப்சைட் ஒண்ணு போடும்மா. நீ எந்த ஊருக்குப் போனாலும் அதுவும் கூடவே வரும். நான் இங்க ஒருத்தர்கிட்ட சொல்லிப் பண்ணித் தரேன்."

"அடுத்தவங்க ஓட்ட நான் பின்னாடி ஒக்காந்துகினு போவணுமா? அதெல்லாம் வேணாம். நானே ஓட்டறேன். புதுசாப் பழகறவங்களுக்குன்னு ஏதாவது இருக்குமில்ல, அத மட்டும் காட்டு."

இருந்தது. ஒன்றல்ல, ஒரு கூடை இருந்தது. இளவேனில் மூன்றைப் பொறுக்கி அனுப்பினாள். மூன்றுமே காசில்லாமல் தொடங்கலாம், மூன்றுமே ஐந்து நிமிடத்தில் வெப்சைட் என்று சத்தியம் செய்தன. ஐந்து நிமிடத்தில் ஸ்கூட்டர் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் பொற்கொடி அந்த ஆளை என்ன செய்வாளோ, அதே பார்வையோடு மகளின் பழைய லேப்டாப்பைத் திறந்தாள்.

முதலாவது ஒரே பந்தா. திறந்ததும் மலைச்சாலையில் கூந்தல் பறக்க ஒரு வெளிநாட்டுப் பெண் ஸ்கூட்டரில் போனாள். ஹெல்மெட் இல்லை. அங்கேயே பொற்கொடிக்குப் பிடிக்கவில்லை. சரி, போகட்டும் என்று அந்தப் படத்தை எடுத்துவிட்டு எதிர்வீட்டு அம்மாள் ஹெல்மெட்டோடு நிற்கிற படத்தைப் போட்டாள். தலைப்பு எழுதினாள். தமிழ் எழுத்தைப் பார்த்ததும் அந்த மென்பொருளுக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, மேல்சுழியெல்லாம் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. அதைச் சரிசெய்ய எங்கேயோ தொட்டாள். படமும் போச்சு, தலைப்பும் போச்சு, மலைச்சாலையும் போச்சு. திரை வெள்ளை வெளேரென்று சிரித்தது.

"இளவேனி! பிரேக்கு எங்கடி இருக்குது இதுல?" என்று பெங்களூருக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

"பிரேக்காம்மா?"

"செஞ்சத நிறுத்தி பழையபடி ஆக்கறது. அதத்தான் கேக்கறேன்."

"கன்ட்ரோலும் இசட்டும் சேத்து அமுக்கும்மா, திரும்பி வரும்."

வந்தது. ஆனால் பொற்கொடி சமாதானமாகவில்லை. "அது திரையில எங்கயாவது எழுதியிருக்குதா? இல்ல. ஒனக்குத் தெரியும், ஒன் அம்மாவுக்குத் தெரியாது. பழகறவங்களுக்குன்னு வண்டி செஞ்சு, பிரேக்க சீட்டுக்கு அடியில ஒளிச்சு வெச்சா அது என்ன வண்டி? வேணாம் போ!"

இரண்டாவது நல்ல வண்டி. சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு வழுக்கல். செய்ததைத் திருப்பிப்போடுகிற அம்புக்குறி மேலேயே பளிச்சென்று இருந்தது. தமிழ் எழுத்து கண்ணுக்குக் குளிர்ச்சியாக விழுந்தது. படத்தை விரலால் இழுத்தால் போதும், பூனைக்குட்டி மாதிரி வந்து உட்கார்ந்தது. வீட்டு வேலை முடித்த கையோடு தினமும் அதிலேயே கிடந்தாள். ஒரு குழம்பு அடிப்பிடித்தது, ஒரு பால் பொங்கி வழிந்தது. சொல்லிக் கொடுக்கிற முறை, மாணவிகளின் படங்கள், மழைநாளில் எப்படி ஓட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பினாள்.

மதிவாணன் எட்டிப் பார்த்தார். "மைன்ஸ்ல மெஷின் எறக்கும்போதுகூட இவ்ளோ ட்ரையல் பாக்கமாட்டாங்க."

"அதுல ஒண்ணு மறந்துட்டேங்க" என்று பொற்கொடி சட்டென்று நிமிர்ந்தாள். "காலி பண்ணும்போது என்ன ஆவும்?"

"எதக் காலி பண்ணும்போது?"

"இதத்தான். நாளைக்கு வெலைய ஏத்தறான், புடிக்கல, வேற எடத்துக்குப் போறேன்னா, கட்டுனத எடுத்துகினு போவ முடியுமா?"

குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி முதலில் தோன்றும். வெளியூர்க்காரர்கள் வெப்சைட் கட்டினால் நிறம் பார்ப்பார்கள், விலை பார்ப்பார்கள். காலி செய்கிற நாளை நினைத்துக்கொண்டே ஆணி அடிப்பது நகரியத்துப் பழக்கம். இளவேனில் விசாரித்துச் சொன்னாள்: எழுதியதை வேண்டுமானால் துண்டு துண்டாக நகல் எடுக்கலாம், கட்டிய பக்கங்களை அப்படியே எடுத்துப் போக வழியில்லை. அங்கே இருக்கிறவரைதான் அது வெப்சைட்.

பொற்கொடி எழுந்து பின்வாசலுக்குப் போனாள். அவள் கையால் நட்ட மாமரம் நின்றது. வந்த புதிதில் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று. இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருந்தது. அடுத்த வருஷக் காயை வேறு யாரோ ஊறுகாய் போடுவார்கள். போடட்டும், அதற்கென்ன, ஆனாலும் வயிறு எரியத்தான் செய்தது. உள்ளே வந்து, "ஒரு மாமரம் போதும். இன்னொண்ணையும் வுட்டுட்டு வர என்னால ஆவாது" என்று சொல்லி இரண்டாவதையும் மூடிவிட்டாள்.

மூன்றாவது பார்க்க லட்சணமாக இல்லை. ஆபீஸ் நோட்டீஸ் போர்டுதான். நாலு டிசைன், அதிலும் இரண்டு சாம்பல் நிறம். ஆனால் பிரேக் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நேற்று எழுதியது, அதற்கு முந்தின நாள் எழுதியது என்று பழையது எதற்கும் திரும்பிப் போகலாம். ஊருக்குக் காட்டுவதற்கு முன்னால் தான் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பொத்தானை அமுக்கினால் கட்டிய அத்தனையும் மூட்டையாகக் கைக்கு வந்தது. எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். பொற்கொடி வேண்டுமென்றே எல்லாவற்றையும் அழித்துப் பார்த்தாள். திரும்பக் கொண்டுவந்தாள். மறுபடி அழித்தாள். மறுபடி கொண்டுவந்தாள். சரிவில் உருட்டி உருட்டிப் பிரேக் பார்க்கிற அதே சோதனைதான்.

"பழைய லோடு வண்டி மாதிரி இருக்கும்மா" என்றாள் இளவேனில்.

"லோடு வண்டிதான்டி கடைசி வரைக்கும் ஓடும்."

எழுத உட்கார்ந்தாள். அவள் பேசுகிற மாதிரியே வந்தது. 'முதல் நாள் பிரேக் மட்டும்தான். கோபித்துக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே விழுந்தவர்கள் வரலாம். இனிமேல் விழப்போகிறவர்களும் வரலாம். கணவரைக் கூட்டிவர வேண்டாம், அவர் ஓரமாக நின்றுகொண்டு ஆலோசனை சொல்வார்.' இதைப் படித்து மதிவாணன் முறைத்தார். கீழே இடமும் நேரமும் எழுதினாள். 'பத்தொன்பதாவது பிளாக், தண்ணி டேங்க் பின்னாடி கிரவுண்டு. காலையில் வரவும், இல்லாவிட்டால் ஃபஸ்ட் ஷிப்ட் விட்டதும் வரவும். வீட்டில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவர் இருந்தால் காலை வகுப்புக்கு வர வேண்டாம், அவருக்குச் சாப்பாடு போட்டுத் தூங்கவைத்துவிட்டு வரவும்.' அதற்குக் கீழே போன் நம்பர்.

தெரிந்தவர்களிடம் காட்டாமல் வெளியே விடக்கூடாது என்று, அப்போது பழகிக்கொண்டிருந்த நர்ஸ் சரிதாவின் போனில் திறந்து படிக்கச் சொன்னாள். "சூப்பர்க்கா, எல்லாம் தெளிவா இருக்குங்க" என்றாள் சரிதா. மதிவாணன் படித்தார், தப்பில்லை என்றார். இளவேனில் படித்தாள், ஒரு புள்ளி விட்டுப்போனதைச் சொன்னாள். மூன்று பேரும் நகரியத்துத் தண்ணீர் குடித்தவர்கள். எந்த ஊர் என்று அந்தப் பக்கத்தில் ஒரு இடத்திலும் இல்லாதது ஒருவர் கண்ணிலும் படவில்லை. பத்தொன்பதாவது பிளாக் என்றால் உலகத்துக்கே தெரியாதா என்ன! பொற்கொடி பொத்தானை அமுக்கி வெப்சைட்டை ஊருக்குத் திறந்துவிட்டாள்.

போன் வந்தது. நிறைய வந்தது. "அக்கா, என் போட்டோ போட்டிருக்கீங்க, அன்னைக்கு நான் நல்ல புடவ கட்டலியே" என்று ஒருத்தி. "ஸ்கூட்டர் அக்கா, ஜோரா இருக்குது" என்று இன்னொருத்தி. எல்லாம் தெரிந்த குரல்கள். தெரியாத குரல் ஒன்றுகூட வரவில்லை. ஒரு மாதம் ஓடி, ரிட்டயர்மென்ட் விழாவும் மாலையும் சால்வையும் முடிந்து, சாமான்களைக் கட்ட ஆரம்பித்தாயிற்று. தெரியாத குரல் வரவே இல்லை.

"தெரிஞ்சவங்க பாக்கறதுக்கு வெப்சைட்டு எதுக்குங்க? தெருவுல நின்னாப் பாத்துட்டுப் போறாங்க" என்று ஒரு சாயங்காலம் பாத்திர மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "சேத்தியாத்தோப்புல என்னத் தேடி ஒரு ஆளும் வராது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

மதிவாணன் கேலி செய்ய வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார். "நீ பிரேக் புடிச்சே பழகிட்ட கொடி. கொஞ்சம் ஓடவுட்டுப் பாரு" என்றார். அவர் வாழ்க்கையிலேயே ஸ்கூட்டரைப் பற்றி உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை போன் அடித்தது. தெரியாத நம்பர். பொற்கொடி எடுத்தாள்.

"ஸ்கூட்டர் அக்காங்களா?" தயங்கித் தயங்கி ஒரு பெண்குரல். வயதான குரல்தான், தன்னைவிட மூத்தவளாகத்தான் இருப்பாள் என்று பொற்கொடிக்குப் பட்டது.

"ஆமாங்க, நீங்க?"

"எம்பேரு சாமியம்மாளுங்க. எம்மவன் ஸ்கூட்டர் ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு வெளிநாடு போய்ட்டான். அது வாசல்ல கெடக்குது, கோழி ஏறி ஒக்காந்துகினு கீது. கத்துக்கலாம்னு ஒருத்தரு கிட்ட போனேன், ஏறுனதும் ஆக்சிலேட்டர முறுக்கச் சொல்லிட்டாருங்க. வாய்க்காலுக்குள்ள போய் வுழுந்தேன். மருமவதான் போன்ல தேடி ஒங்க எழுத்தப் படிச்சுக் காட்டுச்சு. மொதல்ல பிரேக்குன்னு போட்டிருந்தீங்களா, அப்பவே முடிவு பண்ணிட்டேன், கத்துகினா இந்த அக்காகிட்டதான்னு."

பொற்கொடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "எப்பங்க படிச்சீங்க?"

"அது ஆச்சுங்க ஒரு மாசம்."

"ஒரு மாசமா? அன்னைக்கே போன் போட்டிருக்கக் கூடாதுங்களா?"

"எப்பிடிங்க போடறது? எந்த ஊருன்னே போடலியே! மெட்ராஸோ கோயம்புத்தூரோ, யாரு கண்டா. போன் போட்டு எந்த ஊருன்னு கேக்கக் கூச்சமா இருந்துச்சு, நாமளே கண்டுபுடிச்சுக்கலாம்னு பாத்தேன். பத்தொம்பதாவது பிளாக்குன்னா எங்க இருக்குதுன்னு டீக்கடையில கேட்டேன், தெரியலன்னுட்டாங்க. ஃபஸ்ட் ஷிப்ட்டு வுடறதுன்னா எத்தினி மணின்னு பள்ளிக்கூடத்து வாத்தியாரக் கேட்டேன், அவரு முழிக்கிறாரு. பஸ்ஸுல போறப்ப கண்டக்டர் தம்பியக் கேட்டேன். ரேஷன் கடையில கேட்டேன். ஊரே தேடுச்சுங்க. கடேசில மைன்ஸ்ல கான்ட்ராக்ட் வேல பாக்கற புள்ள ஒண்ணு லீவுக்கு வூட்டுக்கு வந்துச்சு. அதுதான் சிரிச்சுகினே சொல்லுச்சு, இது நெய்வேலிம்மா, ரெண்டு மணிக்கு வுடுவாங்கன்னு."

பொற்கொடி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடக் கடவுளே, ஊர் பேர்! எழுத்துச் சுழி வெட்டுப்படுகிறதா என்று பார்த்தாள், பிரேக்கைப் பார்த்தாள், காலி செய்கிற வழியைக்கூடப் பார்த்தாள். வாசலில் ஊர்ப் பெயரை மாட்ட மறந்துவிட்டாள்.

"நெய்வேலின்னா கிட்டதானங்க, பஸ் புடிச்சு வந்துடறேன்" என்றாள் சாமியம்மாள். "எங்களுக்கு சேத்தியாத்தோப்புங்க."

"எந்த ஊரு?" பொற்கொடி கத்திய கத்தலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த மதிவாணன் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தார். அந்த ஊருக்கே, ரைஸ் மில்லுக்குப் பின்னால் கட்டிய புது வீட்டுக்கே தான் குடிவரப்போவதைச் சொல்லி, அங்கேயே பழக வரச்சொன்னாள் பொற்கொடி.

குடிபோகிற நாள் வந்தது. மதிவாணன் லாரிக்காரரிடம் மிடுக்காகச் சொல்லியனுப்பினார். "சேத்தியாத்தோப்புல எறங்கி யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. மைன்ஸ் மதிவாணன் வூடு எதுன்னு கேளு." பிறகு இவர்கள் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். பொற்கொடி ஓட்டினாள். அவர் பின்னால் மடியில் சாமி படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகுமுன் பொற்கொடி மாமரத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவாள்.

சேத்தியாத்தோப்பு கடைத்தெருவில் லாரி டீக்கடையோரம் நின்றுகொண்டிருந்தது. லாரிக்காரர் தலையைச் சொறிந்தார். "எத்தினி பேரக் கேட்டுட்டேன் சார், மைன்ஸ் மதிவாணனையும் தெரியல, வெறும் மதிவாணனையும் தெரியலங்கறாங்க."

மதிவாணனுக்குச் சுருக்கென்றது. இறங்கி டீக்கடைக்காரரிடம் தானே போனார். "புதுசா ஒரு வூடு கட்டியிருக்கோம், ரைஸ் மில்லுக்குப் பின்னால. நான்தாங்க மதிவாணன், ரிட்டயர்டு..."

"ரைஸ்மில் பின்னாலயா?" டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினார். "ஸ்கூட்டர் அக்கா வூடா? அத மொதல்லயே சொல்ல வேணாமாய்யா! அந்த பத்தொம்பதாவது பிளாக் அக்காதான? ஒரு மாசமா இந்த ஊர்ல அதே பேச்சாத்தான இருந்துச்சு." மதிவாணனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஸ்கூட்டர் அக்கா வூட்டுக்காரரா? ஒக்காருங்க சார், ஒக்காருங்க. டேய், சாருக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு!"

மதிவாணன் திரும்பி மனைவியைப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் பொற்கொடி சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "டீயக் குடிச்சுட்டு ஏறுங்க" என்றாள். "இல்லன்னா வுட்டுட்டுப் போய்டுவேன்."

"போவ போவ. வுட்டுட்டுப் போனா, ஸ்கூட்டர் அக்கா வூடு எதுன்னு கேட்டு வந்து சேந்துடுவேன்" என்றார் அவர். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பெயரைச் சொன்னார்; சொன்ன பிறகு அவருக்கே பிடித்திருந்தது போலிருந்தது.

அன்று மாலை, பாதி மூட்டை பிரிக்காமல் கிடக்க, பொற்கொடி லேப்டாப்பைத் திறந்து இடத்தை மாற்றினாள். சேத்தியாத்தோப்பு, ரைஸ் மில் பின்புறம் என்று கொட்டை எழுத்தில் போட்டாள். ஷிப்ட் என்று வருவதை எடுக்கப் போனவள், கையை நிறுத்தினாள். அதை இந்த ஊரே தேடித் தெரிந்துகொண்டிருக்கிறது, ஏன் எடுக்க வேண்டும்? அப்படியே விட்டாள்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். சாமியம்மாள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்து நின்றிருந்தாள். அவளோடு இன்னும் நாலைந்து பெண்கள். வண்டியின் சீட்டில் கோழி எச்சம் காய்ந்திருந்தது.

"ஸ்கூட்டர் அக்கா!" என்றாள் சாமியம்மாள்.

பொற்கொடி கேட்காத மாதிரி ஒரு கணம் உள்ளேயே நின்றாள்.

"ஸ்கூட்டர் அக்கா! இருக்கீங்களா?"

"வந்துகினேதான் கீறேன்" என்று வெளியே வந்து, வண்டியிலிருந்து சாவியைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "தள்ளுங்க. மொதல்ல பிரேக்கு."